மயில்கழுத்துச் சேலை

லிஃப்ட் பழுதாகி மூன்று நாள்.
நாலாம் மாடிக்கு எழுபத்திரண்டு படி,
எனக்கு அது நான்கு தவணை.
இரண்டாம் தவணை முடிகிற இடத்தில்
மெர்லின் டீச்சர் வீட்டுச் செருப்புத் தட்டு.
கைப்பிடியில் சாய்ந்து
அந்த வீட்டுச் செருப்புகளை எண்ணுவேன்
மூச்சு பின்னால் வந்து சேரும்வரை.

இன்று கதவு திறந்தது.
என் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மயில்கழுத்து நிறம், மெல்லிய கரை.
இடது நுரையீரலின் கீழ்மடலை
வெட்டுவதற்கு முந்தின கிழமை
அலுமாரியைத் திறந்து பிரித்துக் கொடுத்தவற்றில் ஒன்று.
"நீங்களே வந்து கட்டுவீங்க அன்ரி" என்று
அழுதழுதுதான் வாங்கினாள்.
பிறகு நான் சாகவில்லை.
திருப்பிக் கேட்பதற்கு
எந்த மொழியிலும் ஒரு வசனம் இல்லை.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
இருபத்தாறு வருஷம் கணக்கெழுதினவள்.
ஐந்து சதம் பிசகவிட்டதில்லை.
இதில்தான் பிசகிவிட்டது.
மிஞ்சினால் இரண்டு வருஷம் என்று வைத்து
சேமலாப நிதியைப் பங்குபோட்டேன்:
ஊசிகளுக்குக் கொஞ்சம்,
தம்பி மகளின் கலியாணத்துக்குக் கொஞ்சம்,
மிச்சத்தில் ஒரு ஏசி பூட்டினேன்,
போகிறவள் குளிர்ச்சியாய்ப் போகட்டும் என்று.
மூன்றாம் வருஷம் காசு முடிந்தது.
நான் முடியவில்லை.
இது பதினோராம் வருஷம்.
பின்னேரங்களில் மூன்று கடைகளுக்கு
வற் கணக்குப் பார்க்கிறேன்.
ஏசியைப் போடுவதில்லை. கரண்ட் பில்.

"சிகரட் குடிப்பீங்களோ?"
முச்சக்கர வண்டிக்காரன்கூடக் கேட்டிருக்கிறான்.
இல்லை என்றதும் எல்லா முகத்திலும்
ஒரு சின்ன ஏமாற்றம்.
அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும்,
தங்கள் வீட்டில் இல்லாத காரணம்.

ஸ்கேனுக்கு முந்தின பத்து நாள்
என்னோடு யாரும் பேசக்கூடாது.
மின்விசிறித் தூசிக்கு வந்த இருமலை
படுக்கையில் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருப்பேன்:
நீ யார், எங்கிருந்து வருகிறாய்,
முன்பு ஒருமுறை வந்தவனா?

பிறகு 138இல் ஏறி மகரகம.
கிளினிக் கொப்பி இது மூன்றாவது.
முதல் கொப்பியில் கிறுக்கியவர் ஓய்வுபெற்றுவிட்டார்.
அதை வாசிக்கிற பிள்ளை
அந்த வருஷம் சாதாரண தரம் எழுதியிருப்பாள்.
அடுத்த மேசையைக் கூப்பிட்டு
சிங்களத்தில் சொல்கிறாள், "பதினொரு வருஷம்!"
நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள்.
பல் தெரியச் சிரித்துவைத்தேன்.
வெளியே வாங்கில் வரிசையாக
மொட்டைத் தலைகள், தொப்பிகள்.
அவர்களுக்கு முன்னால்
ஸ்கேன் நல்லது என்ற முகத்தோடு நடக்க
எனக்கு இன்னும் வரவில்லை.
கொப்பியை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு
நோயாளியைப்போலவே வெளியே வருவேன்.

பதினாலாம் கட்டில், குசுமலதா, பாதுக்க.
அவளுக்குத் தமிழ் இல்லை, எனக்கு அரைச் சிங்களம்.
கதிர் சுட்ட தோலுக்கு ஒரே களிம்பு இரண்டு பேருக்கும்.
தலையணைக்குக் கீழே எனக்காக
சீனிச் சம்பல் பணிஸ் ஒளித்துவைப்பாள்.
எட்டு மாதம்தான்.
அவளுடைய நம்பர் இப்போது மகனிடம்.
ஒவ்வொரு வெசாக்குக்கும்
ஒரு கூட்டின் படம் அனுப்புகிறான்.
நான் கைகூப்பல் ஒன்று அனுப்புவேன்.
எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் கேட்டதில்லை.
இருக்கிறேன் என்று நான் எழுதியதில்லை.

"அன்ரி, இங்க பாருங்கோ,
மடிப்பெல்லாம் நைஞ்சு போச்சு" என்றாள் மெர்லின்,
முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து.
"இன்றைக்குத்தான் கடைசி.
கிழிச்சு குஷனுக்கு உறை தைக்கட்டோ?"

சேலைக்கு முந்திப் போவேன் என்றுதான் கொடுத்தேன்.
தொட்டுப் பார்த்தேன். கரை இன்னும் உறுதி.
உள்கட்டு நல்லாத்தான் இருக்கு,
எனக்கும் ஒரு உறை தை என்றேன்.

சொல்லி முடிக்க இரண்டு மூச்சு பிடித்தது.
இன்னும் முப்பத்தாறு படி.